சவரச் சோப்பைக் காய விடுதல்

மரக் கிண்ணத்தில் வரும் சவரச் சோப்பை முதன்முதலில் வாங்கியபோது, தூசு படியக் கூடாதே என்ற கவலையில், சவரம் முடிந்த கையோடு ஈரத்துடனேயே மூடியைத் திருகி வைத்துவிடுவேன். சில வாரங்களில் மூடியின் உட்புறம் கரும்புள்ளிகள் பூத்து, கிண்ணத்தின் விளிம்பில் நூலிழை போல ஒரு வெடிப்பும் ஓடியிருந்தது. சோப்பின் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது என்றாலும், ஈரம் உறிஞ்சிய மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இப்போது பிரஷ்ஷில் சோப்பை ஏற்றியதும், கட்டியின் மேல் தங்கிய நுரையை விரலால் வழித்து முகத்திலேயே பூசிக்கொள்கிறேன். வீணாக்க மனம் வராததும் ஒரு காரணம். பிறகு கிண்ணத்தைத் திறந்தபடியே, குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் வைத்து, மேற்பரப்பு விரலில் ஒட்டாத நிலைக்கு வந்த பின்னரே மூடுகிறேன். சோப்பிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால், ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இன்னும் சற்று நேரம் பிடிக்கும்.

அதற்காக மாதக்கணக்கில் திறந்தே போட்டுவிடவும் கூடாது. நறுமண எண்ணெய்கள் ஆவியாகிவிடும். சோப்பும் நீரிழந்து சுருங்கி, கிண்ணத்தை விட்டுக் கழன்று ஆடும். கழன்றுவிட்டால், அடியில் சில சொட்டு வெந்நீர் விட்டு அழுத்தி வைப்பேன், பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். உருக்கி ஊற்றினால் வாசனை குறையும் என்பதால் அதைச் செய்வதில்லை.

பயன்படுத்தாமல் சேர்த்து வைக்கும் கட்டிகளுக்கு வெயிலும் வெப்பமும் படாத அலமாரியே போதும். அவற்றில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் பழைய எண்ணெயின் சிக்கு வாடையும் தோன்றினால், கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அத்தகைய கட்டியை நான் முகத்தில் போடுவதில்லை.