மொரிஸ் மைனர் நின்ற இடம்

கார் கராச்சுக்குள் போக வேண்டும் என்று முடிவெடுத்தது நானில்லை. ஒரு தேங்காய்.

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் தென்னையும் நாங்களும். கடல் காற்றில் இரும்பு எதுவும் தப்பாது. கேற்றுக்கு வருசத்துக்கு ஒரு தடவை பெயின்ற் அடித்தும் கறள் பிடிக்கிறது. இதில் கார்த்திகை மாத வாடைக்காற்று வேறு. போன மாரியில் ஒரு விடியற்காலை 'டொம்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் என் வேகன் ஆர் காரின் பொனற்றில் ஒரு சிரட்டை அளவுக் குழி, பக்கத்தில் ஒன்றும் அறியாத மாதிரி ஒரு தேங்காய். மாமி தேங்காயை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, "நல்ல முத்தல்" என்றார். பகல் அதில் சம்பல்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பழைய காரைப் புதுக் காரின் விலைக்கு வாங்கியவன் நான். எனக்கு அந்தச் சம்பல் இறங்கவில்லை. "அப்பாட கராச் சும்மாதானே கிடக்கு" என்றாள் மனைவி.

சும்மா என்ற சொல்லை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். மனைவியின் தாத்தா அறுபதுகளில் தன் மொரிஸ் மைனருக்காகக் கட்டிய கராச் அது. உள்ளே 8 அடி அகலம், ஓட்டுக்கூரை. மொரிஸை எண்பதுகளில் விற்றுவிட்டார்கள். கார்தான் போனது. அதன் ஸ்பெயார் டயர், ஜக், ஒரு கதவு, மூன்று வீல் கப் எல்லாம் இன்னும் உள்ளேதான். அதற்குப் பின்னால் 1978 சூறாவளியில் பறந்து, தேடிப் பொறுக்கி வந்த தகரங்கள். அதற்கு முன்னால் 2022 இல் பெற்றோல் வரிசைக்கு வாங்கிய வெறும் கேன்கள் ஆறு. (வாரத்துக்கு 20 லீற்றர் கோட்டாவுக்கு ஆறு கேன் எதற்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.) இடப்பக்கச் சுவரோடு, படுவான்கரை வயலில் இருந்து வந்த நெல் மூடைகள்.

எதைத் தூக்கினாலும் மாமா சொல்வது ஒன்றே: "அது கிடக்கட்டும் மகன், மறுகா தேவைப்படும்."

நான் யாழ்ப்பாணத்தான். கல்யாணம் கட்டி இங்கே வந்த புதிதில் 'மறுகா' என்றால் 'பிறகு' என்று சொல்லித் தந்தார்கள். பதினொரு வருசத்தில் எனக்குப் புரிந்தது, அந்தப் 'பிறகு' வருகிற பிறகு இல்லை.

சரி, அளந்து பார்ப்போம் என்று ரேப்போடு இறங்கினேன். வேகன் ஆர் ஜப்பான்காரன் 'கெய்' என்று சொல்கிற சின்னக் கார் ரகம். அங்கே அந்த ரகத்துக்கு அகலம் 1.48 மீற்றரையும் நீளம் 3.4 மீற்றரையும் தாண்டக் கூடாது என்று சட்டம். ஆகவே கார் அகலம் 4 அடி 10 அங்குலம். மூடைகளுக்கு 2 அடி போனால் மிச்சம் 6 அடி. இரண்டு பக்கமும் 7 அங்குலம் இருக்கிறதே என்று சந்தோசப்பட்டேன். அந்த அகலக் கணக்கில் பக்கக் கண்ணாடிகள் சேர்வதில்லை என்பதும், 7 அங்குலத்தில் மனிதன் இறங்க முடியாது என்பதும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

"மொரிஸ் மைனர் இதவிட மூண்டு அங்குலம் அகலம். ஒரு அடிக்கு மேல நீளம். அதே போய் வந்த இடம்" என்று மாமா வேறு தைரியம் தந்தார். கணக்கு சரிதான். மொரிஸின் உயரம் 5 அடி, வேகன் ஆரின் உயரம் 5 அடி 5 அங்குலம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடிகளை மடக்கிவிட்டு உள்ளே விட்டேன். முன்னால் மாமா, வலப்பக்கம் மச்சான், கேற்றடியில் பக்கத்து வீட்டார் மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் மீன் விற்க வந்தவர், மீனோடு.

"நடுவில வாங்க அத்தான், நடுவில!"

நடுவில் வந்தேன்.

"கிறுக்குங்க! கிறுக்குங்க!"

இங்கே திருப்பு என்பதற்குக் கிறுக்கு என்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் பதற்றத்தில் என் காது யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. யாருக்குக் கிறுக்கு, எனக்கா என்று அரை நொடி யோசித்ததில் 'கிரீச்' என்று மேலே ஒரு சத்தம். நிமிர்ந்தால் ஏணி. தாத்தா காலத்திலேயே மொரிஸின் கூரைக்கு நாலு விரல் மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மர ஏணி, என் கூரையில் ஏறிப் படுத்திருந்தது.

பிறேக் போட்டு நிறுத்தினேன். கதவைத் திறந்தேன். சுவர் வந்தது. மறுபக்கக் கதவைத் திறந்தேன். நெல் வந்தது. வேறு வழியில்லாமல் பின் சீற்றை மடக்கி, தவழ்ந்து, மச்சான் டிக்கியைத் திறந்துவிட வெளியே வந்தேன். மீன்காரர் பார்த்துவிட்டு, "ஆள் சுகம்தானே?" என்று மாமியிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டோம். கார் நடுவில் நிற்பதில்லை, மூடைகளை உரசாத குறையாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். மனைவி பிள்ளைகள் கேற்றிலேயே இறங்கிவிடுவார்கள். சாரதிப் பக்கம் கிடைக்கிற ஒரு அடியில் நான் மூச்சை உள்ளே இழுத்து இறங்குவேன். எங்கே நிறுத்துவது என்பதற்கு மாமா கூரையிலிருந்து கயிற்றில் ஒரு சிரட்டையைத் தொங்கவிட்டார். அது முன் கண்ணாடியில் 'டொக்' என்று தட்டினால் நில். இந்த ஏற்பாட்டில் மட்டும் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், அருமையான வேலை.

ஆனால் கழற்றிய ஏணிக்கு இப்போது இடமில்லை. ஆகவே அது சாக்கு விரித்துக் கார்க் கூரையின் மேல் படுக்கிறது, காலையில் நான்தான் இறக்க வேண்டும். ஏணி போன வழியில் மற்றதுகளும் வரத் தொடங்கின. ஒரு நாள் கிடுகு. ஒரு நாள் சுருட்டிய பாய். "மேல இடம் சும்மா கிடந்திச்சு மகன்" என்றார் மாமி.

போன கிழமை விடிய முதல் கரண்ட் இல்லை. இருட்டில் தடவி ஏணியை மட்டும் இறக்கிவிட்டுக் கிளம்பினேன். கல்லடிப் பாலத்தில் போகும்போது எதிரே வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒருவருக்குக் கையும் காட்டினேன். பாலம் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "அண்ணன், மேல டயர் ஒண்டு இரிக்கு" என்றார்.

மொரிஸ் மைனரின் ஸ்பெயார் டயர். சாக்கின் மேல் கிரீடம் மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"டயருக்கு ஒண்டும் இல்லையே மகன்?"