டிஸ்சார்ஜ் சம்மரியில் விட்டுப்போன ஒரு வரி: அப்பாவின் ரோபோ கைப் பயிற்சிக்காக அலைந்த கதை

அப்பாவின் இன்சூரன்ஸ் கிளைம் பணம் போன வாரம்தான் வந்தது. இன்னும் அந்தக் கடுப்பு ஆறவில்லை. யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம் அடைப்பு, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கால் சீக்கிரம் தேறியது, மூன்றாவது வாரமே சுவரைப் பிடித்து நடந்துவிட்டார். கைதான் அசையவில்லை. அரக்கோணத்தில் நாற்பது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சக்கரக் கோட்டம் எடுத்த கை அது. மடியில் கிடக்கும் அதை இடது கையால் தூக்கித் தூக்கி வைப்பார். பார்க்கவே முடியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "பிசியோ விடாம எடுங்க" என்றார். ஐந்தாவது வாரம் ஓபியில், "சென்னையில ரோபோ வச்சு கைக்குப் பயிற்சி தர்றாங்க, பாருங்க" என்றார். இரண்டுமே வாய்வார்த்தை. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரை இருந்தது, உப்பு குறைக்கச் சொல்லியிருந்தது, பிசியோ என்ற வார்த்தையே இல்லை. நான் கவனிக்கவும் இல்லை. பின்னால் பட்ட பாடு முழுக்க அதனால்தான்.

அதற்கு முன் தோள்பட்டை. ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது வலது கையைப் பிடித்து இழுத்துவிட்டார். பக்கவாதம் வந்த பக்கம் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும், வலி மாதக்கணக்கில் நிற்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், தூக்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் நிறுத்திச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னாலோ இடுப்பிலோதான் பிடிக்க வேண்டும். வீட்டில் சொந்தக்காரர்களும் எண்ணெய் போட்டு அந்தக் கையை உருவ வந்தார்கள். அவர்களைத் தடுக்க அம்மாதான் சண்டை போட வேண்டியிருந்தது.

சென்னை மையத்துக்கு முதல் நாள் போனது வீண். முந்தின நாள் போன் செய்து கேட்டபோது வரச் சொல்லியிருந்தார்கள். மின்சார ரயிலில் அப்பாவை உட்கார வைத்துக் கூட்டிப்போய், அப்புறம் ஆட்டோ. போய்ப் பார்த்தால் மெஷின் இருக்கிறது, அதை இயக்கத் தெரிந்த ஒரே பிசியோ லீவு. ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கு அது தெரியவே இல்லை. "மெஷின் இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்கு அதில் உட்கார வைக்கப்போகிறவர் யார், அவர் வருகிறாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாம் முறை பிரஷர் 178க்கு 100. விடிகாலை நாலு மணிக்கு எழுந்த அலுப்பு, ரயில் கூட்டம், பயணத்தில் பாத்ரூம் வருமோ என்ற பயத்தில் பிரஷர் மாத்திரையை வேறு போடாமல் விட்டிருக்கிறார். அன்றும் மெஷினில் ஏற்றவில்லை. கையை மட்டும் பரிசோதித்து மார்க் போட்டார்கள். ஃபூகல்-மேயர் என்று ஒரு அளவு, கைக்கு மொத்தம் 66. அப்பாவுக்கு 21. விரல் இறுக்கம், தோள் வலி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். அந்தத் தாளை நான் வாங்கி வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

பணம் கட்டும் முன் நான் தேடிப் படித்தேன். பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்த ராடுல்ஸ் என்ற ஆய்வு, 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ரோபோ பயிற்சியால் கையின் அசைவு கொஞ்சம் தேறியது, ஆனால் அன்றாட வேலைகளில் அது தெரியவில்லை என்பதுதான் முடிவு. படித்ததும் வயிறு கலங்கியது. ஒரு தடவைக்கு 1,200 ரூபாய், இருபது தடவை. அந்த பிசியோவிடமே நேராகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "உண்மைதாங்க. மெஷின் கையை நூற்றுக்கணக்கான தடவை அசைக்க வைக்கும், அவ்வளவுதான். அதை டம்ளர் பிடிக்கிற வேலையா மாத்துறது நாமதான். கடைசி கால் மணி நேரம் மெஷினை நிறுத்திட்டு அதைத்தான் செய்வோம்" என்றார். அந்தப் பதிலுக்காகவே சேர்த்தேன். நீங்களும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மழுப்புகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

பயிற்சியில் பெரிதாகச் சிக்கல் இல்லை. கையின் பாரத்தை ஒரு சட்டம் தாங்கிக்கொள்ளும், திரையில் பழம் தெரியும், கையை நீட்டிப் பறிக்க வேண்டும். முடியாத தூரத்துக்கு மெஷின் உதவும். அதில்தான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது நாள் அப்பா கையைத் தளர விட்டு, மெஷினையே இழுக்க விட்டுவிட்டார். ஸ்கோர் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பிசியோ பார்த்துவிட்டு உதவியைக் குறைத்தார். "ஐயா, நீங்க தள்ளுங்க, அது தள்ள வேணாம்" என்றார். பக்கத்தில் ஆள் இல்லாமல் மெஷினில் மாட்டிவிட்டுப் போகிற இடமாக இருந்தால் இதை யார் பார்ப்பார்கள்?

இனி கிளைம். எங்கள் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் செலவு உண்டு. அலைச்சலில் நாள்கள் போய், அதற்குள் ஒன்பது பயிற்சிதான் முடிந்திருந்தது. அது 10,800. வீட்டுக்கு வந்த பிசியோவுக்கு இருபது நாளுக்கு 8,000. மொத்தம் 18,800 ரூபாய்க்குப் போட்டேன்.

முதலில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பியது. வலது கை விழுந்தவர் எப்படி அதே கையெழுத்தைப் போடுவார்? இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, இரண்டு சாட்சி வாங்கி அனுப்பினேன். அடுத்து போன் வந்தது: "ரோபோட்டிக் சர்ஜரிதானே மேடம், ஆபரேஷன் பில் எங்கே?" ஆபரேஷனே இல்லை என்று புரிய வைக்கப் பத்து நிமிடம் ஆனது. மூன்றாவதாக மறுப்புக் கடிதம். காரணம் இரண்டு: மறுவாழ்வுச் சிகிச்சை எக்ஸ்குளூஷன் 05இன் கீழ், அதாவது பாலிசி பணம் தராத செலவுகளில், வருகிறதாம், டாக்டர் பரிந்துரையும் இல்லையாம்.

பரிந்துரைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். "ஒரிஜினல் சம்மரி இல்லாம எதையும் தொட மாட்டோம்" என்றார் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருந்தவர். ஒரிஜினல் இன்சூரன்ஸில் இருக்கிறது. அங்கே கேட்டால் தர மாட்டோம் என்கிறார்கள். டாக்டர் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் ஓபி. நான் போனது புதன். அடுத்த முறை போனபோது டாக்டர் மாநாட்டுக்குப் போயிருந்தார். அன்று ஓபி வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மூன்றாவது முறை ரெக்கார்ட்ஸில் வேறொரு அம்மா இருந்தார். ஐபி நம்பரை (அட்மிட் ஆனபோது தந்த எண்) கேட்டு, உள்ளே இருந்த ஃபைலிலிருந்து நகல் எடுத்து, சீல் போட்டுக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. அதைக் காட்டியதும் டாக்டர், டிஸ்சார்ஜ் தேதியிலிருந்தே பிசியோ தேவை என்றும், கைக்கு ரோபோ பயிற்சி சொல்லியிருந்தேன் என்றும் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்த 05ஐப் பாலிசிப் புத்தகத்தில் எடுத்து வரி வரியாகப் படித்தேன். ஓய்வுக்காகவே 'அட்மிட்' ஆவதையும், குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது போன்ற பராமரிப்பையும்தான் அது விலக்குகிறது. அப்பா எங்கேயும் அட்மிட் ஆகவில்லை, போய்விட்டு அன்றே திரும்பியவர். இதை அப்படியே எழுதி, டாக்டர் கடிதத்தையும் 66க்கு 21 என்ற தாளையும் இணைத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். 30 நாளில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போவேன் என்றும் எழுதினேன். ஆம்பட்ஸ்மேனிடம் புகார் செய்யக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 22ஆம் நாள் 16,800 ரூபாய் வந்தது. மீதி 2,000 போனது என் தவறு. வீட்டுக்கு வந்த பிசியோவிடம் முதல் ஐந்து நாளுக்குப் பதிவு எண் இல்லாத துண்டுச் சீட்டாக வாங்கியிருந்தேன்.

இப்போது வீட்டுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வருகிறார், செலவில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் அந்த 8,000மே மிச்சம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டால் பெயரைப் பதிந்துகொள்கிறார்கள்.

இருபது பயிற்சி முடிந்ததும் அப்பாவுக்கு 30 மார்க். தோள் உயர்கிறது, முழங்கை நீள்கிறது. விரல்கள் இன்னும் தாமாக விரியவில்லை. விரலுக்கும் மணிக்கட்டுக்கும் வேலூர் சிஎம்சியும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து செய்த புளூட்டோ என்ற சின்ன மெஷினைப் பற்றி பிசியோ சொன்னார். அடுத்து அதைத்தான் விசாரிக்க வேண்டும். இந்த முறை டாக்டரின் பரிந்துரைச் சீட்டை முதலில் வாங்கிவிடுவேன்.

பணம் வருவதற்கு முன் ஒரு கடைசி படிவம் வந்தது. அதிலும் இடது கை ரேகைதான். ஃபேன் காற்றில் தாள் பறந்தது. நான் பிடிப்பதற்குள் அப்பா வலது கையை மேசைமேல் நகர்த்திக் கொண்டுவந்து தாளின் மேல் வைத்துவிட்டார். "வைம்மா இங்க்கை" என்றார்.