பெயின்ட்டில் சிக்கிய ஜன்னல்கள்

லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றை வாங்குகிறவர்களுக்குச் சுற்றியிருப்போர் சொல்லும் முதல் யோசனை, மேலும் கீழும் நகரும் அந்தப் பழைய மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல்களைப் போடுங்கள் என்பதுதான். எங்கள் வீட்டு ஜன்னல்களைப் பிரித்துப் பார்த்தபின் அதை என்னால் ஏற்க இயலவில்லை. பெரும்பாலானவற்றை முடக்கியிருந்தது மரத்தின் முதுமை அன்று. அடுத்தடுத்துக் குடியிருந்தவர்கள் அடுக்கடுக்காகப் பூசிய பெயின்ட்.

இந்த ஜன்னல் இயங்கும் விதம் எளிது. இதில் மேலொன்று, கீழொன்று என இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் உண்டு. நிலையின் இருபுறமும் உள்ள மரப்பெட்டிகளுக்குள் வார்ப்பிரும்பு எடைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பருத்திக் கயிறு கப்பியின் மேலேறிக் கண்ணாடிச் சட்டத்தின் பக்கவாட்டில் வந்து முடிகிறது. இரண்டு எடைகளும் சேர்ந்து சட்டத்தின் எடைக்கு ஏறக்குறைய ஈடாக இருப்பதால், சட்டம் லேசாக நகர்ந்து, விட்ட இடத்தில் நிற்கிறது. அந்த ‘ஏறக்குறைய’வில்தான் நுட்பம் இருக்கிறது: மேல் சட்டம் தானாக இறங்காதிருக்க அதன் எடைகள் சற்றுக் கூடுதலாகவும், கீழ்ச் சட்டம் படிந்து மூட அதன் எடைகள் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஆகவே எந்த எடை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று கழற்றும்போதே குறித்துவைப்பது நல்லது.

இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீங்கியபின் பெரிய கண்ணாடிகள் பரவலாயின. சிறு கண்ணாடிகளைப் பிரித்துத் தாங்கும் குறுக்குக் கம்பைகள் குறைந்து, பாரம் கூடியது. மேல் சட்டத்தின் அடிமூலைகளில் நீண்டிருக்கும் கொம்புகள், அந்தப் பாரத்தைத் தாங்கும் மூட்டுகளுக்கு வலுவூட்ட வந்தவை. இன்று இரட்டைக் கண்ணாடி போட விரும்புவோரும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 3 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏழரை கிலோ, 4 மி.மீ. கண்ணாடிகள் இரண்டு சேர்ந்தால் 20 கிலோ. அதற்கு ஈடான இரும்பு பெட்டிக்குள் அடங்காவிட்டால், அடர்த்தி மிகுந்த ஈய எடைகளுக்கு மாற வேண்டியிருக்கும்.

பெயின்ட்டை அகற்றுவதுதான் உண்மையான வேலை. 1960களுக்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் தேய்க்காமல், நீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டுவதே பாதுகாப்பு, முகக்கவசமும் கட்டாயம். கயிற்றின் மேல் பெயின்ட் பூசவே கூடாது: இழைகள் விறைத்துக் கப்பியின் வளைவில் முறிந்துவிடுகின்றன. கப்பிகளுக்குப் பெரும்பாலும் சுத்தம் செய்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே போதும்.

நடுவே இரு சட்டங்களையும் இணைக்கும் தாழ்ப்பாளைக் காந்தத்தால் சோதித்துப் பார்க்கலாம். காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. அதிகம் தேய்த்தால் முலாம் போய்விடும். முழுப் பித்தளை என்றால் பெயின்ட்டை நீக்கியபின் அதைப் பளபளப்பாக்க நம் வீட்டுப் புளியே போதும். திருகாணி பிடிக்காத துளைகளில் கடின மரக்குச்சியைப் பசையோடு அறைந்து, புதிதாகத் துளையிட வேண்டும். இந்தத் தாழ்ப்பாளை வெறும் பூட்டாக நினைத்து ஏனோதானோவென்று மீண்டும் பொருத்துகிறார்கள். இரு சட்டங்களையும் இறுக்கி நெருக்கி, குளிர்காற்று நுழையும் இடுக்கை அடைப்பதும் அதன் வேலைதான்.