பொன்னைக்கு முன்னால் பொய்கை வரவேண்டும்: எல்டாப் சர்வரும் தமிழ் வரிசையும்

எல்டாப் (LDAP, ஆட்களின் விவரங்களைப் பதிவுகளாக வைத்துத் தேடித்தரும் முறை) டைரக்டரியில் தேடிக் கிடைக்கும் முடிவுகளைச் சர்வரே வரிசைப்படுத்தித் தரட்டும் என்று விடுவது நல்ல வழிதான். ஆனால் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் தமிழில் இருக்கும் டைரக்டரியில் அதை அப்படியே நம்பக்கூடாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்தின் பணியாளர் டைரக்டரிக்குக் நிரல் எழுதுகிறேன், அதில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. 2000 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 2891 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிமுறைகளைச் சொல்லும் ஆவணம்) இதற்கான வழியைச் சொல்கிறது. தேடல் கோரிக்கையோடு 1.2.840.113556.1.4.473 என்ற எண்ணுள்ள கண்ட்ரோலை, அதாவது கூடுதல் கட்டளையை, அனுப்பவேண்டும். எந்த அட்ரிபியூட்டை (பெயர், ஊர் போல பதிவில் உள்ள ஒரு விவரத்தை) வைத்து வரிசைப்படுத்துவது, எந்த ஆர்டரிங் ரூல் (எது முன், எது பின் என்று ஒப்பிடும் விதி), தலைகீழாக வேண்டுமா என்பதெல்லாம் அதற்குள் போகும். 474 என்று முடியும் பதில் கண்ட்ரோல், பதிவுகள் எல்லாம் வந்து முடிந்த பிறகு கடைசிச் செய்தியோடு வரும். இதைத்தான் பல பேர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கண்ட்ரோலை கிரிட்டிக்கல் (கட்டாயம்) என்று குறிக்காமல் அனுப்பினால், வரிசைப்படுத்த முடியாத சர்வர் கலைந்த பதிவுகளையே அனுப்பிவிடும், தேடலும் வெற்றி என்றே சொல்லும். உண்மை அந்தப் பதில் கண்ட்ரோலில் மட்டும் இருக்கும்: 18 என்றால் ஆர்டரிங் ரூல் பொருந்தவில்லை, 51 என்றால் சர்வருக்கு வேலை அதிகம், 53 என்றால் செய்ய மனமில்லை. கிரிட்டிக்கல் என்று குறித்துவிட்டால், இந்த வசதியே இல்லாத சர்வர் 12 என்ற பிழையோடு நேராக மறுத்துவிடும். எனக்கு அதுதான் பிடிக்கும். தப்பான வரிசையைக் காட்டுவதைவிடப் பிழையைக் காட்டுவது எவ்வளவோ மேல்.

சர்வர் மென்பொருள் ஓப்பன்எல்டாப் என்றால் எஸ்எஸ்எஸ்விஎல்வி என்ற ஓவர்லே (கூடுதல் வசதி தரும் துணைப்பகுதி) ஏறியிருக்கவேண்டும். ஏற்றின பிறகும் ஊர்ப் பெயரை வைத்து வரிசை கேட்டால் 18 வந்து நிற்கும், ஏனென்றால் ஊர், ஆள் பெயர், குடும்பப் பெயர் ஆகிய அட்ரிபியூட் எல்லாம் ஆர்எஃப்சி 4519இல் 'நேம்' என்ற ஒரே அட்ரிபியூட்டிலிருந்து வருபவை, அதற்குச் சமமா இல்லையா என்று பார்க்கும் விதி உண்டே தவிர முன்பின் பார்க்கும் விதி கிடையாது. அதனால் 2.5.13.3 என்ற ஆர்டரிங் ரூலை நாமே சேர்த்து அனுப்பவேண்டும். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியோ வரிசைப்படுத்த ஒரே ஒரு அட்ரிபியூட்டைத்தான் ஏற்கும், ஊர் வாரியாக, அதற்குள் பெயர் வாரியாக என்று அதனிடம் கேட்கமுடியாது.

சரி, எல்லாம் சரியாக அமைத்து, பதிலும் 0 (வெற்றி) என்று வந்துவிட்டது. அப்புறமும் ஊர்ப் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான்: "அண்ணா, பொய்கைக்கு முன்னாடி பொன்னை ஏன் வருது?" சரியான கேள்வி. அந்த ஆர்டரிங் ரூல் யூனிகோட் எண்ணின், அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்ணின், வரிசையில் ஒப்பிடவேண்டும் என்று ஆர்எஃப்சி 4517 சொல்கிறது. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி எழுத்து. அதேபோல யூனிகோடில் ள-வுக்குப் பிறகுதான் ழ, அதனால் சோழவரத்துக்கு முன்னால் சோளிங்கர் வந்துவிடும். புள்ளி இன்னும் மோசம். அகராதியில் ண் முதலில், ண பிறகு, ஆகவே கண்ணன் முதலில், கணபதி அடுத்து. சர்வர் புள்ளியைத் தனி எழுத்தாக எண்ணுகிறது, அதன் எண் ப-வின் எண்ணைவிடப் பெரியது, எனவே கணபதி முந்திக்கொள்கிறார். பள்ளிக்கூடத்தில் அகராதி பார்க்கப் பழகியவர் இந்தப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடினால், இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லை, ஆளே இல்லை என்று நினைத்து மூடிவிடுவார். தமிழில் டைரக்டரி வைத்தால் தமிழ் வரிசையும் தரவேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இதற்கு நான் செய்வது: பதிவு சேரும்போதே ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் தமிழ் கொலேஷனில் (தமிழ் வரிசை விதியில்) அந்தப் பெயருக்கு ஒரு சார்ட் கீ (அந்த வரிசையில் பெயரின் இடத்தைக் காட்டும் குறியீடு) எடுத்து, ஹெக்ஸ் எழுத்துகளாக மாற்றி, தனி அட்ரிபியூட்டில் போட்டுவிடுவது. அந்த அட்ரிபியூட்டுக்கு ஸ்கீமாவிலேயே (அட்ரிபியூட்டுகளை வரையறுக்கும் இடத்திலேயே) ஆர்டரிங் ரூல் கொடுத்துவிடலாம், சர்வர் தனக்குத் தெரிந்தபடியே ஒப்பிட்டாலும் வரிசை தமிழ் வரிசையாக வரும். கீ எடுக்கும்போது இனிஷியலைப் பின்னால் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே இனிஷியல்காரர்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவிவார்கள். அந்த அட்ரிபியூட் விடுபட்ட பதிவுகள் பட்டியலின் கடைசிக்குப் போகும், அதுவும் ஆர்எஃப்சி 2891 விதிதான், ஆகவே கடைசிப் பக்கத்தைப் பார்த்தாலே எதற்குக் கீ போடவில்லை என்று தெரிந்துவிடும்.

ஒரு கிளையின் ஆட்கள் மட்டும் என்றால் இதெல்லாம் வேண்டாம், முடிவுகளை வாங்கி நம் பக்கமே ஐசியூ வைத்து வரிசைப்படுத்தினால் போதும். பக்கம் பக்கமாகக் காட்டும் பெரிய பட்டியலுக்குத்தான் சர்வர் வேண்டும், அங்கேயும் முதல் பக்கத்தைத் தருவதற்கு முன்பே அது மொத்தத்தையும் வரிசைப்படுத்தியாகவேண்டும் என்பதால் ஃபில்டரை (தேடல் நிபந்தனையை) இறுக்கமாக எழுதுங்கள். ஐசியூ பதிப்பை மாற்றினால் பழைய கீயும் புதிய கீயும் ஒத்துப்போகாமல் போகலாம், எல்லாப் பதிவுக்கும் மறுபடி கீ எடுக்கும் ஸ்கிரிப்டை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.