கோத்தகிரிச் சமையலறையில் தைம் இலைச் சோறு

எங்கள் வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் மூன்று மண்தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் தைம், ஒன்றில் ரோஸ்மேரி, மற்றொன்றில் பார்ஸ்லி. மூன்றும் மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்த செடிகள் என்றாலும், கோத்தகிரியின் குளிரில் உள்ளூர்ச் செடிகளைப் போலவே செழிக்கின்றன. அவற்றைக் கூரைக்குக் கீழே வைத்திருப்பதற்குக் காரணம் ஐப்பசி, கார்த்திகை மழைதான். எங்கள் பக்கத்தில் அந்த மழை நாள்கணக்கில் பெய்யும். வேரில் நீர் தேங்கினால் ரோஸ்மேரி பிழைக்காது.

இந்த இலைகளைப் போட்டு நான் செய்யும் சோற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாள்களாக எண்ணியிருந்தேன். நம் இலையில் சோறுதான் நடுநாயகம். குழம்பும் கறியும் அதற்குத் துணை. இந்தச் சோறோ, மிளகிட்டு வறுத்த கோழிக்கும் காளானுக்கும் பக்கத்தில் அரைக்கரண்டி அளவே இருந்து, அவற்றுக்குத் துணை நிற்பது. ஆகவே இதில் காரமோ புளிப்போ ஓங்கக் கூடாது. மணம் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். அந்த மணத்தைச் சோற்றில் நிறுத்தி வைப்பதுதான் இதில் உள்ள வேலை முழுவதும்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் என் பெரியப்பா. தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றில் நெடுங்காலம் சமையல் வேலை பார்த்தவர். "குச்சி இலை முதலில், குழை இலை கடைசியில்" என்று அவர் சொல்லிக்கொடுத்தார். தைம், ரோஸ்மேரி போலத் தண்டு முற்றிக் குச்சியாகும் செடிகளின் இலை, கொழுப்பில் சூடேறினால்தான் மணத்தை விடும். பார்ஸ்லி, கொத்தமல்லி, வெங்காயத்தாள் போன்ற குழைந்த தழைகளோ சூடு பட்ட சில நிமிடங்களில் நிறமும் மணமும் இழந்துவிடும். இளவயதில் இதைக் கேட்டுத் தலையாட்டினேனே தவிர, காரணத்தை உணரவில்லை.

உணர்ந்தது திருமணத்திற்குப் பிறகு நானே செய்தபோதுதான். நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி, எல்லா இலைகளையும் அரிசியோடு குக்கரில் போட்டு மூடினேன்; ரோஸ்மேரியை ஒரு கைப்பிடி போட்டுவிட்டேன். விசில் வந்தபோது வீடே மணத்தது. திறந்து பார்த்தால் பார்ஸ்லி கறுத்திருந்தது, தைமின் மணம் போன இடம் தெரியவில்லை, ரோஸ்மேரியின் கசப்பு மட்டும் எஞ்சியிருந்தது. ஒரு வாய் உண்ட என் மகள், "அம்மா, தைல வாசனை வருகிறது" என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. யூகலிப்டஸ் இலையிலிருந்து எடுக்கும் நீலகிரித் தைலத்தின் முதன்மைப் பொருளான சினியோல், ரோஸ்மேரி இலையிலும் இருக்கிறது. கற்பூர மணம் தரும் பொருளும் அதோடு சேர்ந்திருக்கிறது. தைம் இலையின் மணத்திற்குக் காரணமான தைமால் நம் ஓமத்தில் உள்ள அதே பொருள்தான். அதனால்தான் தைம் இலையைக் கசக்கி முகரும் நம்மவர்கள் பலரும் உடனே ஓமத்தை நினைக்கிறார்கள். பெயர் புதிதாக இருந்தாலும், மணம் நம் நாக்கிற்குப் பழகியது.

குக்கரில் என்ன நடந்தது என்பதற்கும் தைலமே விடை சொல்கிறது. இந்த மலையில் தைலம் காய்ச்சுபவர்கள் பெரிய கொப்பரையில் யூகலிப்டஸ் இலையை நிரப்பி மூடி, நீராவியை ஒரு குழாய் வழியே வெளியேற்றிக் குளிரவைப்பார்கள். இலையிலுள்ள எண்ணெயை ஆவியே சுமந்துகொண்டு வந்துவிடும். ஒவ்வொரு விசிலிலும் என் குக்கர் செய்தது அந்த வேலையைத்தான். வீட்டில் பரவிய மணம் சோற்றிலிருந்து போன மணம்.

அன்றிலிருந்து இந்தச் சோற்றுக்கு மட்டும் அடிகனமான பாத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது. மலையில் குக்கர் இல்லாமல் சோறு வேகாது என்ற எண்ணம் இதனால் வந்ததுதான். உண்மையில் அரிசியின் மாவுச்சத்து 70 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடுவதால், வேண்டியதெல்லாம் ஊறலும் பொறுமையும்தான்.

ஒரு கோப்பை, அதாவது ஏறக்குறைய 200 கிராம், பழைய சீரகச் சம்பா அரிசியை மூன்று முறை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, சல்லடையில் வடியவிடுகிறேன். பாசுமதியிலும் செய்யலாம், ஆனால் சீரகச் சம்பாவின் சிறிய மணிகளில் வெண்ணெய் ஒன்றுவிடாமல் பூசிக்கொள்வதால், ஒவ்வொரு வாயிலும் இலையின் மணம் சீராகக் கிடைக்கிறது. பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும், அது தீயாமலிருக்க ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விட்டு, பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயத்தையும் இரண்டு பல் மலைப்பூண்டையும் நிறம் மாறாமல் வதக்க வேண்டும். நெய் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நெய்யின் மணம் தைமை மூடிவிடும். பட்டை, கிராம்புக்கும் இங்கே இடமில்லை. அவை வந்தால் இது பிரியாணியின் தங்கையாகிவிடும்.

வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும், மூன்று கொத்துத் தைமின் இலைகளை உருவிப் போட்டு, விரல் நீள ரோஸ்மேரிக் கொத்து ஒன்றை முழுதாக இடுகிறேன். அரை நிமிடம் போதும். இலையின் எண்ணெய் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே இந்த அரை நிமிடத்தில்தான் மணம் வெண்ணெய்க்குள் இறங்குகிறது. உடனே அரிசியைக் கொட்டி, மணிகளின் ஓரம் பளபளக்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் மெல்லப் புரட்ட வேண்டும். பிறகு முக்கால் தேக்கரண்டி உப்பும், இரண்டு கோப்பை கொதிநீரும். சமவெளியில் இருப்பவர்கள் கால் கோப்பை குறைத்துக்கொள்ளலாம். இங்கே வேகும் நேரம் கூடுவதால் ஆவியாகிப் போகும் நீரும் கூடுகிறது.

கொதி வந்ததும் தீயை மிகவும் தணித்து, மூடியைத் துணியால் சுற்றி இறுக மூடி, இருபது நிமிடம் விட்டுவிட வேண்டும். நடுவில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆவியோடு மணமும் போகிறது. அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். அதன் பின் ரோஸ்மேரிக் கொத்தை எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடி பார்ஸ்லியையும் சிறிது வெங்காயத்தாளையும் மிகப் பொடியாக நறுக்கித் தூவி, எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவிச் சேர்த்து, முள்கரண்டியால் கிளறுகிறேன். தோலின் வெண்பகுதி சேர்ந்தால் கசக்கும். எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

ஊட்டி பட்டர் பீன்ஸ் புதிதாகக் கிடைக்கும் நாள்களில், அதை உரித்து உப்பும் மிளகும் மட்டும் சேர்த்துக் குழைய வேகவைத்து இந்தச் சோற்றோடு வைப்பேன். எங்கள் வீட்டில் கோழியைவிட அதற்கே வரவேற்பு.

தழை கைவசம் இல்லாதவர்கள் கடையில் விற்கும் உலர்ந்த தைமை வாங்கலாம். பச்சை இலையில் மூன்றில் ஒரு பங்கு போதும், அதையும் வெண்ணெயில்தான் முதலில் போட வேண்டும். பார்ஸ்லியை மட்டும் உலர்ந்ததாக வாங்காதீர்கள். அது வைக்கோலுக்கு நிகர். அதற்குப் பச்சைக் கொத்தமல்லியே நல்லது. செடி வளர்ப்பவர்கள், பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், பூக்காத கொத்துகளாகப் பார்த்து நறுக்குங்கள். நான் தை, மாசியில் நறுக்கியவற்றைச் சிறு கட்டுகளாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுகிறேன், ஏனென்றால் இங்கு மூடுபனி இறங்கும் நாள்களில் வேறெந்த மூலையிலும் இலை உலர்வதில்லை.