வண்ண டேப் ஒட்டினால் வேகம் கூடுமா?

சிங்கப்பூரில் தேசியப் பள்ளி விளையாட்டுகள் தொடங்கியதும் திடலில் பிள்ளைகளின் முழங்காலில் நீலமும் சிவப்புமாக டேப் தெரியும். தசை, மூட்டு வலிக்குத் தோல்மேல் ஒட்டும், இழுபடும் ‘கினிசியாலஜி டேப்’ அது. ஜப்பானிய கைரோபிராக்டர் (முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் சரிசெய்பவர்) கென்சோ காசே 1970களில் உருவாக்கியது இது. வேகம் கூடுமா என்றால், கூடாது. காயமில்லாதவர்களுக்குத் தாவும் உயரமோ தசை வலுவோ குறிப்பிடும்படி ஏறுவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. வலி சற்றுக் குறையலாம். அதிலும் நம்பிக்கைக்குப் பங்குண்டு.

சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அது ஒட்டி நிற்பதே பெரும்பாடு. காலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு டேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை! சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பயிற்சிக்கு 30 நிமிடம் முன்பே ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் உரியும். இரு முனைகளிலும் 5 சென்டிமீட்டரை இழுக்காமல் படியவைத்து, நடுப்பகுதியை மட்டும் லேசாக இழுக்க வேண்டும். பிறகு உள்ளங்கையால் தேய்த்தால் அந்தச் சூட்டில் பசை பிடிக்கும். முனையையும் சேர்த்து இழுத்தால் தோல் கொப்பளிக்கும். பலர் அதை ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் டேப்பை நம்பி ஓடவிடாதீர்கள். ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.