தீர்த்தமலையில் தீர்ந்த மாமாவின் வேண்டுதல்

மாமா வேண்டிக்கொண்டதை இந்தச் சித்திரையில்தான் அத்தையோடு போய்ச் செலுத்திவிட்டு வந்தேன். எல்லாம் தீர்த்தமலைச் சிவன் தீர்த்தகிரீஸ்வரர் கருணை.

சின்ன வயதில் பள்ளி லீவு விட்டால் அரூர் பக்கம் அத்தை வீட்டுக் காட்டில்தான் கிடப்பேன். களியும் மாங்காயும் களத்துமேட்டுத் தூக்கமுமாகப் போகும். ஒரு கோடையில் கிணறு வறண்டு மரவள்ளியெல்லாம் வாடிவிட்டது. ஆழப்படுத்த ஆள் விட்டார் மாமா. வெடி வைக்கும்போது எங்களைப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் விரட்டிவிடுவார்கள். அப்புறம் ஓடி வந்து எட்டிப் பார்த்தால் வெறும் பாறை. "தீர்த்தகிரீசா, கல்லுல தண்ணி விடறவன் நீ. இங்கயும் கொஞ்சம் காட்டு. இந்தப் பையனோட வந்து ராம தீர்த்தத்துல தலை நனைக்கிறேன்" என்றார் மாமா. சில நாளிலேயே ஊற்று கசிந்தது. முதல் தண்ணீரை அள்ளி என் வாயில்தான் ஊற்றினார். ஒரே வெடிமருந்து வாடை!

மலையேறாமலே மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தை விடவில்லை.

முறைப்படி முதலில் தென்பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தம், அப்புறம் மலை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தவே விடாமல் அர்ச்சனைத் தட்டைக் கையில் திணிக்கிறார்கள். விலை கேட்டால் முறைப்பு வேறு. மேலே போனால் குரங்குகள். வாங்கிய தேங்காய் பாதிப் படியிலேயே பறிபோனது. சரி, அனுமார் பங்கு என்று விட்டுவிட்டோம். முட்டிவலிக்கார அத்தை படிக்குப் படி உட்கார்ந்துதான் ஏறினாள். திரும்பிவிடலாமா என்றதற்கு, "பேசாம வாடா" என்று ஒரு அதட்டல்.

ஒருவழியாக ராம தீர்த்தம். சிவபூஜைக்குத் தண்ணீர் வேண்டி ராமர் அம்பு விட்ட பாறை அது. அந்த வெயிலிலும் மேலிருந்து தீர்த்தம் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் கூட்டம் நெருக்கித் தள்ள, அத்தை நகரவே இல்லை. தலையில் விழுந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, "இது உங்க மாமனுக்கு" என்று என் வாயில் ஊற்றினாள். பல் கூசும் குளிர்ச்சி. அழுகை வந்துவிட்டது எனக்கு.

சந்நிதியில் தீபாராதனை பார்த்தேன், வடிவாம்பிகையைப் பார்த்தேன். என்ன வேண்டிக்கொள்வதென்றே தோன்றவில்லை. கேட்காமலே எவ்வளவு கொடுத்திருக்கிறாய் அப்பா! மாசித் தேருக்குப் பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன். அதற்கும் நீதான் அருள வேண்டும், அத்தையின் முட்டிக்கும் சேர்த்து.